பதினான்கு நொடிகள்

“நான் தண்ணி குடிச்சேனா இல்லையான்னு எங்க சித்தப்பாவுக்கு போன் போட்டுக் கேக்கப் போறியா?” என்று கைப்பேசியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண். கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி ஒன்றைப் புதிதாக இறக்கியிருக்கிறாள். அது அவளுடைய தொடர்பு எண்களைக் கேட்கிறது, இருக்கும் இடத்தைக் கேட்கிறது, கேமராவையும் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘மறுப்பு’ போட்டுவிட்டுக் கடைசியில் செயலியையே நீக்கிவிடுகிறாள். பக்கத்து இருக்கைத் தோழிக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். “தாகத்துல நாக்கு ஒட்டிக்கிட்டாலும் ஒட்டிக்கும், நம்பர மட்டும் குடுக்கமாட்டா,” என்கிறாள்.

வகுப்பில் இவளுக்கு ‘ஷரத்து’ என்று பட்டப்பெயர். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டுப் போகும் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதட்டசைவோடு படிக்கிற ஒரே ஆள் இவள். ஊடகவியல் இரண்டாம் ஆண்டு. குழுவாகப் படம் எடுத்தால், “பின்னாடி நடந்து போறவங்க படத்துல விழறாங்களா பாரு, அவங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?” என்று படம் எடுப்பவரை நகர்த்தி நிறுத்துவாள். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு பிறந்தநாள் கொடுத்து வைத்திருப்பதால் வருடத்துக்கு நான்கு முறை வாழ்த்து வருகிறது. “நாலு கேக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?” என்று நான்கையும் வெட்டிச் சாப்பிடுவாள்.

அதற்காகத் துறவி என்று நினைத்துவிடக் கூடாது. அழுக்குக் கம்பளங்களைத் தேய்த்துக் கழுவும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பாள். “நான் கார்ப்பெட் பைத்தியம்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது ஒண்ணு போகட்டும், விடு,” என்பாள், கண்ணை எடுக்காமல்.

இவள் ஷரத்து ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளியின் கடைசி வருடத்தில், கட்டடத்தைப் பழுது பார்க்கிறார்கள் என்று மூன்று மாதம் வீட்டிலிருந்தே வகுப்பு நடந்தது. வீடு என்பது ஒரு அறையும் சமையலறையும். அறையின் ஒரு மூலையில் இவளுடைய நாற்காலி, அதற்குப் பின்னால் கண்ணாடி வைத்த பீரோ. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், கேமராவும் மைக்கும் ஓடுவதைக் கவனிக்காமல் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றார். பணிமனை மேலாளரிடம் விடுப்பு கேட்க வேண்டும். அதற்கு ஒத்திகை.

“சார், கொஞ்சம் மனசு வைங்க சார்.”

திருப்தியில்லை. ஒரு சிரிப்பைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். சிரிப்பை எடுத்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து மூன்றாம் முறை சொன்னார். மொத்தம் பதினான்கு நொடி. காதில் இயர்போனோடு குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த இவளுக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ பதிவு செய்துவிட்டார்கள். சாயங்காலம் வகுப்புக் குழுவில் வந்தது, அடுத்த வாரம் அடுத்த பள்ளிக்குப் போனது. பிறகு அந்தச் சாய்ந்த தலை ஸ்டிக்கராகவே ஆகிவிட்டது. வீட்டுப்பாடத்துக்கு இன்னும் ஒருநாள் வேண்டுமா, மதிப்பெண் கூட வேண்டுமா, “மனசு வைங்க சார்” என்று அப்பா வந்து நிற்பார். அவர் யார் என்று தெரியாதவர்கள் இவளுக்கே அனுப்பினார்கள்.

அப்பாவிடம் இவள் வாய் திறக்கவில்லை. அவருடைய கைப்பேசி சத்தம் கொடுத்தாலே ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்ப்பாள். ஒருநாள் அவரே சுவரில் சாய்ந்தபடி கைப்பேசியை நீட்டினார். “இங்க பாரு பாப்பா, என்னைய மாதிரியே ஒருத்தன்.”

“கொஞ்சம் ஜாடை இருக்குப்பா,” என்றவள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த தட்டை எடுத்து இன்னொரு முறை கழுவினாள்.

போன மாதம் கல்லூரியில் ஆசிரியர் ஒரு தலைப்பு கொடுத்தார்: ‘இணையமும் என் அந்தரங்கமும்’. ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டும். தோழி ஏஐ செயலியில் கேட்டு நான்கு நிமிடத்தில் உரையை முடித்துவிட்டாள். இவளும் அதையே திறந்தாள். அதன் நிபந்தனைகளைப் படிக்கவே நாற்பது நிமிடம் ஆயிற்று. கடவுச்சொல்லை வலுவாக வையுங்கள் என்பதுபோல் நாலு பத்தி எழுதிக் கொடுத்த செயலி, சொந்த அனுபவம் ஒன்று சேர்த்தால் நன்றாக இருக்கும் என்றது.

தட்ட ஆரம்பித்தாள். விரல் நிற்கவில்லை. அப்பாவின் சட்டை, பீரோ, மூன்று முறை சொன்ன வாக்கியம், தான் சொன்ன ஜாடைப் பொய் எல்லாம் கொட்டிவிட்டது. செயலி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஆறுதலாக இரண்டு வரி எழுதிவிட்டு, ஒரு கேள்வி கேட்டது: “உங்கள் அப்பா எதற்காக விடுப்பு கேட்டார்?”

கை அப்படியே நின்றுவிட்டது. யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்று இரண்டு வருடம் உள்ளுக்குள்ளேயே புழுங்கியவளுக்கு, அந்த மனிதர் எதற்காகக் கெஞ்சப் போனார் என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. மொத்தத்தையும் அழித்தாள். அழித்தால் அழிந்துவிடுமா என்பது வேறு விஷயம். அந்த ஷரத்தையும் அவள் படித்திருக்கிறாள். “அவனுங்க வெளிய விட்டது பதினாலு நொடிடி. நான் மூணு பக்கம் குடுத்துட்டு வந்திருக்கேன்,” என்று தோழியிடம் சொன்னாள்.

மறுநாள் மதியம் பணிமனைக்குப் போனாள். இரண்டு பேருந்து நடைகளுக்கு நடுவே அப்பா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அப்பா துண்டால் முகத்தை மெதுவாகத் துடைத்தார். “அது நான்தான்னு எனக்குத் தெரியாதா பாப்பா? என் சட்டை, என் பீரோ, என் மூஞ்சி.”

“அப்புறம் எதுக்குப்பா ‘என்னைய மாதிரி ஒருத்தன்’னு காட்டினீங்க?”

“உனக்குத் தெரியுமான்னு பாத்தேன். நீ ஜாடைன்னு சொன்னியா, சரி, புள்ளைக்குத் தெரியல, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் நிறுத்தியவர் அவர்தான். “ரெண்டு வாரம் சிரமமாத்தான் இருந்துச்சு. பின்சீட்டுல பசங்க சிரிச்சா என்னைப் பாத்துத்தானோன்னு தோணும். கண்ணாடில திரும்பிப் பாக்கக் கூசும். வண்டி ஓட்டுறவன் கண்ணாடியப் பாக்காம இருக்க முடியுமா?”

சொட்டிக்கொண்டிருந்த குழாயை அவள் இறுக்கி மூடினாள். “இத வகுப்புல சொல்லலாமாப்பா? வேணாம்னா விட்டுடறேன்,” என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். “ரெண்டு வருஷத்துல கேட்டது நீ ஒருத்திதான்,” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சொல்லு. படத்தக் காட்டாத. அப்புறம், லீவு எதுக்குக் கேட்டேன்னு மட்டும் என்கிட்டக் கேக்காத.”

அதுதான் அவள் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டாள். “கெடச்சுதாப்பா?”

“கெடச்சுது,” என்றார். நேரக் காப்பாளர் விசில் ஊதினார். அப்பா ஓடிப்போய் வண்டியில் ஏறினார்.

வகுப்பில் படமோ திரையோ இல்லாமல் பேசினாள். “மனசு வைங்க சார்” என்றதும் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர்கள் கைப்பேசியிலும் அது இருக்கிறது. “அவர் எங்கப்பா,” என்றாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முடிவில் ஒரு மாணவன், “அவர் எதுக்கு லீவு கேட்டாரு?” என்றான்.

“தெரியாது.”

“நீ கேக்கவே இல்லையா?”

“கேக்கல.”

வகுப்பு கலைந்ததும் ஆசிரியர் இவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு மனம் நிறைந்துபோயிருந்தது. “ரொம்ப நல்லாப் பேசினம்மா. முழுசா ரெகார்டு பண்ணியிருக்கேன். நம்ம காலேஜ் இணையப் பக்கத்துல போட்டுடட்டுமா? உனக்குச் சம்மதம்தானே?”

“எனக்குச் சரிதான் சார். அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்.”

“நல்ல விஷயம்தானேம்மா, அவரு என்ன சொல்லிடப் போறாரு?”

“இப்ப வண்டியில இருப்பாரு சார், போன எடுக்க மாட்டாரு. கடைசி ஸ்டாப் போயிச் சேர அம்பது நிமிஷம் ஆகும்.”

ஆசிரியர் கைப்பேசியைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தார். அவள் வெளியே வந்து, திறந்திருந்த கதவுக்கு நேர் எதிரே, அவருக்கு நன்றாகத் தெரியும்படி, நடைபாதை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.