மணியை விழுங்கிய பெட்டி

நிக்கனோர் துரீசோ கெட்டவன் இல்லை என்று சொல்பவர்கள் சான் லாசரோவில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் பாதிரியார். அவர் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார், கோழித் திருடனைக்கூட. இன்னொருத்தி அவன் மனைவி யாமிலே. தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு பாதிரியார் மட்டும்தான் மிச்சம்.

ஆற்றங்கரைத் தெருவில் மீன் செதில் உரித்து வளர்ந்தவன் அவன். ராணுவத்தில் இருந்த இரண்டு வருடத்தில் கம்பி வேலை கற்றுக்கொண்டு வந்து, நகராட்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தான். பதினொரு வருடம் கம்பம் ஏறினான். உடைந்த ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்ட மூளை அது. ஆனாலும் ஊருக்கு அவன் "கம்பி"தான். "டேய் கம்பி, எங்க வீட்டு போன் இருமுது, வந்து பாரு" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். அந்தச் சிரிப்பை நம்பியது ஊரின் தப்பு.

அந்த டிசம்பரில் எக்ஸ்சேஞ்சின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த நாற்காலி தனக்கு வரவேண்டும் என்று நிக்கனோர் ஆசைப்பட்டான். அதைக் கொடுக்கக்கூடியவர் தலைநகரிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் வில்லதியேகோ. வெள்ளைச் சட்டைக்காரர். எங்கள் ஊர் வெயிலையும் எங்களையும் ஒன்றாகவே வெறுத்தவர்.

ஒரு நாள் காலையில் மீட்டர் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் காது செவிடா? சாயங்காலம் ஆறு மணிக்கு நானூறு போன் கால் போகுது. முந்நூறை யாருமே எடுக்கல."

அறையில் இருந்த மற்ற மூன்று ஊழியர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் பதில் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. நிக்கனோர் திறந்தான்.

"செவிடு இல்ல சார். எடுக்கக் கூடாதுன்னுதான் எடுக்கல. ஒரு தடவை மணி அடிச்சு வச்சுட்டா நல்லா இருக்கேன், வந்து சேந்துட்டேன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சு வச்சு, மறுபடி ரெண்டு அடிச்சா உடனே கிளம்பி வா. மூணு அடிச்சா படகு வந்திருச்சு, மீன் வாங்கப் பாத்திரம் எடுத்துட்டு வா."

"பேசவே மாட்டாங்களா?"

"பேசினா காசு சார். மணி அடிச்சா ஓசி."

இன்ஜினியர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நம்ம கம்பியில ஓசியிலயே ஒரு ஊரை நடத்துறாங்க. காசு குடுத்துப் பேச வர்றவனுக்கு லைன் கிடைக்கல. இதுக்கு ஒரு வழி இருக்கா?"

வழி இருந்தது. இரண்டு மாதம் பேட்டரி அறைக்குப் பின்னால் உட்கார்ந்து, கழித்துப் போட்ட ரிலே சுவிட்சுகளைப் பொறுக்கி, காலணிப் பெட்டி அளவில் ஒன்றைச் செய்தான் நிக்கனோர். செய்த வேலை என்னவோ அற்புதமான வேலை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூப்பிடுகிறவன் காதில் மணி அடிப்பது வழக்கம்போலக் கேட்கும். ஆனால் மறுமுனையில் முதல் மூன்று மணி அடிக்காது. நான்காவதிலிருந்துதான் அந்த வீட்டு போன் வாய் திறக்கும். நிஜமாகப் பேச வந்தவன் காத்திருப்பான், பேசுவான், காசு கொடுப்பான். சைகை கொடுத்தவன், போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி வைத்துவிடுவான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றார் இன்ஜினியர். "தெரிஞ்சா நாலு மணி, அஞ்சு மணின்னு மாத்திக்குவானுங்க. பதில் வரலைன்னா தானா விட்டுடுவானுங்க."

நிக்கனோர் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட.

யாமிலே அப்போது கர்ப்பமாக இருந்தாள். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் எட்டாம் மாதத்தில் போயிருந்தன. வலி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் இதுவும் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஐம்பது நிமிடத் தொலைவு. ஊரில் அந்தச் சேற்றுப் பாதையில் ஓடக்கூடியது எக்ஸ்சேஞ்சின் ஜீப் ஒன்றுதான். சாவி நிக்கனோர் இடுப்பில் இருந்தது. ஊழியர்கள் வேலை நேரத்தில் சொந்த விஷயம் பேசினால் சீட்டைக் கிழிப்பேன் என்று இன்ஜினியர் சொல்லி வைத்திருந்ததால், புருஷனும் பெண்டாட்டியும் ஊர் வழக்கப்படிதான் பேசி வைத்திருந்தார்கள். வலி எடுத்தால் இரண்டு மணி, மறுபடி இரண்டு மணி. ஜீப் வரும்.

அதனால் பெட்டியின் மூடியை முறுக்குவதற்கு முன், நிக்கனோர் ஒரு சாண் கம்பி எடுத்து, தன் வீட்டிலிருந்து வரும் லைன் மட்டும் அந்தப் பெட்டிக்குள் போகாமல் சுற்றிவிட்டான். பிறகு மூடியை முறுக்கினான்.

அடுத்த வாரமே ஊர் தடுமாறியது. படகுகள் வந்து மீன் அழுகியது. பெண்கள் பாத்திரத்தோடு வரவில்லை என்று மீனவர்கள் திட்டினார்கள், மணியே வரவில்லை என்று பெண்கள் திட்டினார்கள். பேருந்திலிருந்து இறங்கி மணி கொடுத்த மருமகள், கூட்டிப் போக யாரும் வரவில்லை என்று மூட்டையோடு திரும்பிப் போனாள். அந்தக் குடும்பம் இன்றைக்கும் சேரவில்லை. இதெல்லாம் நிக்கனோர் காதுக்கு வந்தது. சாப்பிடும்போது யாமிலே சொல்வாள், அவன் தலையாட்டுவான்.

அடுத்த வீட்டு எதெல்மிரா விஷயம்தான் கொடுமை. அவளுடைய ஒரே மகன் வெனிசுவேலாவில் தோட்ட வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஏதோ ஒரு பொது போனிலிருந்து ஒரு மணி. உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். நான்கு வருடம் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவள் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு மணியைக் கேட்டுவிட்டு, எழுந்து போய் சமைப்பாள். இப்போது ஒன்பது ஞாயிறு மணி இல்லை. எல்லைப் பக்கம் ஆட்களைச் சுட்டுப் போடுகிறார்கள் என்று பேச்சு இருந்த காலம் அது. பத்தாவது ஞாயிறு அவள் கறுப்பு உடுத்தினாள். உடல் இல்லாமலே ஒன்பது நாள் ஜெபம் வைத்தாள்.

அந்த ஜெபத்துக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து பன்னிரண்டு நாற்காலிகளைத் தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டவன் நிக்கனோர்.

"நீ நல்லா இருப்ப தம்பி," என்றாள் எதெல்மிரா. "உன் புள்ள நல்லபடியா பொறக்கும். நான் வேண்டிக்கிறேன்."

"சரிக்கா," என்றான்.

டிசம்பர் முடியட்டும், நாற்காலி கைக்கு வரட்டும், பிறகு எப்படியாவது அவள் காதில் போட்டுவிடலாம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்படிச் சொல்லிக்கொள்வது சுலபம். ராத்திரி தூக்கமும் வரும்.

ஆகஸ்டு பதினான்காம் தேதி அமைச்சகத்திலிருந்து மூன்று பேர் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் கூடத்தில் பொரித்த மீன், தேங்காய்ச் சோறு, ரம். நிக்கனோருக்கு முதல் முறையாக இன்ஜினியர் பக்கத்தில் இருக்கை. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்ததால் அவன் ஒரு போனை இழுத்துக் கொண்டுவந்து தன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். இன்ஜினியர் கேட்டதற்கு, "விருந்தாளிங்களுக்குக் காட்டத்தான் சார்" என்றான்.

அன்று காலை அவர்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் யாமிலேயின் அக்கா நூபியா, "துணியைக் குடு, நான் துவைக்கிறேன். நீ எங்க வீட்டு ஊஞ்சல் வலையில படுத்துக்கோ" என்று அவளை அழைத்துப் போயிருந்தாள். நிக்கனோருக்கு அது தெரியாது. பன்னிரண்டரைக்கு அங்கே வலி எடுத்தது. நூபியா வீட்டிலும் போன் இருந்தது. யாமிலே தானே எழுந்து வந்து எண்ணைச் சுழற்றினாள். காதில் இரண்டு மணி கேட்டது. வைத்தாள். மறுபடி இரண்டு. வைத்தாள்.

"வந்துருவான்," என்றாள். "பையை எடுத்து வை."

கூடத்தில் அமைச்சகத்துக்காரர் ஒருவர் போனைக் காட்டிக் கேட்டார்: "இது வேலை செய்யுதா? ஒரு மணி நேரமா சத்தமே காணோம்."

"அதுதான் சார் பெட்டியோட வேலை," என்றான் நிக்கனோர். ரம் கொஞ்சம் ஏறியிருந்தது. "முன்னாடின்னா இந்நேரம் இருபது தடவை கத்தியிருக்கும். இப்ப பாருங்க, எவ்வளவு அமைதி."

எல்லாரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி அந்த அமைதியைக் கேட்டார்கள். இன்ஜினியர் கை தட்டினார்.

ஒரு மணிக்கு யாமிலே மறுபடி இரண்டு, இரண்டு கொடுத்தாள். ஒன்றரைக்கு மறுபடியும். பாதையில் சேறு, அதனால்தான் நேரமாகிறது என்று நினைத்தார்கள். இரண்டுக்கு ரத்தம் பார்த்ததும் நூபியா போனைப் பிடுங்கி, எடுக்கும்வரை வைக்காமல் நின்றாள்.

கூடத்தில் போன் அடித்தது.

"ஆ, இது காசு குடுக்கிற ஆளு," என்றார் அமைச்சகத்துக்காரர். மேசை முழுக்கச் சிரித்தது. நிக்கனோரும் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"ஜீப் எங்கடா?" என்றாள் நூபியா. "ஒன்றரை மணி நேரமா அவ உனக்கு மணி அடிச்சிட்டிருக்கா. குடிச்சிட்டு உக்காந்திருக்கியா?"

பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே இறந்துவிட்டது. யாமிலே பிழைத்தாள். இனி வேண்டாம் என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில், இரண்டு நாள் வீட்டில். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்பு உடுத்திய எதெல்மிரா தினமும் கோழிச் சூப்பைப் பானையில் கொண்டுவந்து, கரண்டியால் ஊட்டிவிட்டுப் போனாள். எட்டாம் நாள் சாயங்காலம் அவள் போன பிறகு யாமிலே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீ மணியைக் கேட்டிருக்க. பெரிய மனுஷங்க முன்னாடி எழுந்து வர உனக்கு வெக்கம். அவங்களோட உக்காந்து மீன் தின்ன."

அவனால் எதையும் தாங்க முடிந்தது, இதைத் தாங்க முடியவில்லை.

"நான் கேக்கல யாமிலே. மணி அடிக்கவே இல்ல."

"என் காதுல அடிச்சுச்சு."

"உன் காதுல அடிக்கும். என் பக்கம் அடிக்காது. நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்."

பெட்டியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். இன்ஜினியர், ரிலே, மூன்று மணி, டிசம்பர் நாற்காலி. சொல்லச் சொல்ல அவள் திரும்பினாள். எட்டு நாளில் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கையைக்கூடப் பிடித்தாள்.

"அப்ப நீ நிஜமாவே கேக்கல."

"சத்தியமா."

இருவரும் சேர்ந்து அழுதார்கள். நாசமாய்ப் போன வாழ்க்கைதான், ஆனாலும் இவள் தன்னோடு இருப்பாள் என்று நிக்கனோருக்கு மூச்சு வந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜூலையில பொய் வலி வந்தப்ப இங்கேருந்து மணி குடுத்தேனே. அஞ்சு நிமிஷத்துல ஜீப்போட வந்து நின்ன. அது மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

ஆயிரம் சாக்கு சொல்லியிருக்கலாம். மின்சாரம் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் அவன் உண்மையைச் சொன்னான், அது அவளைக் குளிர்விக்கும் என்று நினைத்து.

"நம்ம வீட்டு லைனை மட்டும் நான் அதுல சேக்கல. உனக்காகத்தான்."

யாமிலே அவன் கையை விட்டாள்.

"என்ன ஆகும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"யாமிலே..."

"எதெல்மிராக்கா வீட்டுக்கு நாற்காலி தூக்கிட்டுப் போன. நானும் கூட வந்தேன். அவ பக்கத்துல உக்காந்து ஒம்போது நாள், செத்தவனுக்குன்னு ஜெபம் சொன்னோம்."

"டிசம்பர் முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்..."

அவள் வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேசையில் இருந்த எதெல்மிராவின் பானையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அவன் எழுந்து பின்னால் போனான். கதவோரம் நின்றபடி பார்த்தான்.

எதெல்மிரா கதவைத் திறந்து, "இந்த உடம்போட ஏம்மா வந்த?" என்றாள். யாமிலே பானையை அவள் கையில் கொடுத்தாள். உங்கள் மகன் சாகவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை மணி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், என் புருஷன் செய்த பெட்டி அதை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றாள். எதையும் மறைக்கவில்லை. தங்கள் வீட்டு லைனைச் சேர்க்காமல் விட்டதையும் சொன்னாள்.

எதெல்மிரா பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கறுப்பு உடுப்பின் பொத்தானைத் திருகினாள். பிறகு கேட்டாள்.

"உங்க வீட்டு மணி மட்டும் அடிச்சுச்சா?"

"எனக்குத் தெரியாதுக்கா. இப்பத்தான் சொன்னான்."

"ஊர்ல ஒருத்தருக்கும் மணி வரல. உன் வீட்டுலேருந்து குடுத்தா மட்டும் போச்சு. உனக்குத் தெரியாதா?"

 எதெல்மிரா பானையை உள்ளே வைத்துவிட்டு வந்து, யாமிலேயின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.