ஒரே டிக்கெட், மூன்று முதலாளிகள்

டிக்கெட் விற்பவன் மேல் பயணிக்கும் கோபம், கம்பெனிக்கும் கோபம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வசவு வாங்கியவர்களுக்கு இது புரியும். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டையிட்ட அவசரகாலத்தில், நான் ரெம்பாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, 'கூட்டு டிக்கெட்' விற்றேன். பஸ், ரயில், கப்பல் மூன்றுக்கும் ஒரே சீட்டு. எஸ்டேட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை செல்லும். கட்டணத்தை மூன்று கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொள்ளும். மேல்கட்டணத்தை மட்டும் தனித்தனியாக வாங்கும்.

ஆபத்துக் காசு

ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் பாப்பாத்தி ஊருக்குப் புறப்பட்டாள். புருஷனைக் காட்டோரம் சுட்டுப் போட்டிருந்தார்கள். பஸ் கம்பெனி அந்தச் சாலைக்கு 'ஆபத்து மேல்கட்டணம்' போட்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டே விளக்கினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி கேட்டாள்:

"குண்டு பட்டா எனக்குத்தானே படும், காசு மட்டும் ஏன் அவுங்களுக்கு?"

கப்பலைத் தவறவிட்டவர்

கங்காணி வேலையிலிருந்து ஓய்ந்து ஊருக்குப் புறப்பட்ட முனியாண்டி மண்டோர் போன பஸ்ஸை, காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று சாலைத் தடுப்பில் நிறுத்திச் சோதித்தார்கள். ரயில் போய்விட்டது, பினாங்கில் கப்பலும் போய்விட்டது. பஸ்காரர் போலீஸைக் கைகாட்டினார், ரயில்காரர் பஸ்ஸை. கப்பல்காரரோ, "நாங்கள் நேரத்துக்குத்தான் புறப்பட்டோம்" என்றார்.

எஸ்டேட் கூலிகளின் லயத்தில் அவர் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. என் அறைக்கே அழைத்துப் போனேன். நான் மூன்று கம்பெனிக்கும் கடிதம் எழுதி, அடுத்த கப்பலில் இடம் வாங்குவதற்குள் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டேன். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"நீங்களும் வந்துடுங்க கிராணி, இங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

பாதிச் சீட்டு

என் மனைவி சரசுவையும் அதற்கு முன்பே நான்தான் கப்பலேற்றியிருந்தேன். பக்கத்து எஸ்டேட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. போக வர ஒரு வருடச் சீட்டை என் கையாலேயே எழுதினேன். பதினோராம் மாதம் ஒரு கடிதம் வந்தது. உள்ளே திரும்பி வரும் பாதிச் சீட்டு, கசங்காமல் இருந்தது. 'பயமாருக்கு. நான் வரல. நீங்க வாங்க' என்று எழுதியிருந்தாள். எனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்?

அந்தச் சீட்டை இரண்டு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு டிக்கெட் கணக்குப் பார்க்கும் எங்கள் சிரம்பான் ஆபீசுக்குப் போய்க் கணக்கர் ஜோசப்பிடம் நீட்டினேன். பெயரைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"மூணு பேரும் அவங்கவங்க பங்கைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க லா, மேல்கட்டணம் மட்டும் போனது போனதுதான்."

ஊரையெல்லாம் கடல்தாண்ட வைத்த உத்தியோகத்தில், நான் போன அதிகபட்ச தூரம் பினாங்குத் துறைமுகம்தான்.