பீடத்தில் ஒரு ரேஸ்காரர்

எங்கள் வீட்டுப் பீடத்தில் ஆரோக்கிய மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் நடுவில் ஒரு ரேஸ்காரர் இருக்கிறார். உள்ளங்கையில் அடங்குகிற அட்டைதான். தோல் தொப்பி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கீழே சைக்கிள் மாதிரி ஒல்லியாக ஒரு மோட்டார் பைக். அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த படமாம். பைக் பந்தயம் தொடங்கின காலத்திலேயே ஜெயித்த வெள்ளைக்காரர். பெயர் பின்பக்கம் இங்கிலீஷில் இருக்கிறது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

என் வீட்டுக்காரர் காக்ஸ் டவுன் பக்கம் மெக்கானிக். அவருடைய கிழ முதலாளி கொடுத்தது அந்த அட்டை. ஊருக்கு வெளியே பழைய விமானத் தளத்தில் ரேஸ் நடக்கும். இவரும் ஓட்டுவார், ஜெயித்தும் இருக்கிறார். கிளம்பும்போது அட்டையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவார்.

நான் கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்த புதிதில் இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோயிலில் கொடுக்கிற புனிதர் படமும் அதே அளவுதான், அதற்கும் பின்னால் இங்கிலீஷ்தான். வண்டியோடு இருக்கிறாரே, வண்டி ஓட்டுகிறவர்களைக் காப்பாற்றுகிற புனிதராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இவர் வண்டி தெருமுனை திரும்பினதும் மெழுகுவத்தி ஏற்றி முழங்கால் போடுவேன். ஒருநாள் கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“யாருக்குடி இது?”

“உங்க வண்டிச் சாமிக்கு.”

அப்படியே உட்கார்ந்து சிரித்தார். “அது சாமி இல்லடி. ரேஸ்காரன். நடுவுல டயர் வெடிச்சு, தானே ஒட்டுப் போட்டுக்கினு, அப்பவும் முதல்ல வந்தவன்.”

“அப்ப இத்தனை நாளா யார்கிட்ட வேண்டிக்கினு இருந்தேன்?”

“அவன்கிட்டதான். அவனும் கேட்டுக்கினுதான் இருக்கான் போல. முழுசா வீடு வந்து சேர்றேனே.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மெழுகுவத்தியை நிறுத்தவில்லை. ஒருத்தரிடம் காவல் ஒப்படைத்துவிட்டு, ஆள் யார் என்று தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறதா? தோள் எலும்பு முறிந்து அவர் ரேஸை விட்ட பிறகும் ஏற்றினேன்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். படுக்கையில்தான், நெஞ்சுச் சளியில். பெட்டியை மூடுவதற்கு முன்னால் எங்கள் ஒரே மகன் பீடத்திலிருந்து அட்டையை எடுத்து வந்து அப்பாவின் கோட்டுப் பையில் வைத்தான். நான் கையை விட்டு அதை வெளியே எடுத்துவிட்டேன். செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“ஒரு அட்டையக் குடுக்கக்கூட மனசு வரல பாரு,” என்றாள் நாத்தனார், எனக்குக் கேட்கும்படியாகவே. கூட்டத்துக்கு நடுவில் நின்று காரணம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மகன் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான், அவ்வளவுதான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்துதான் வாயைத் திறந்தான்.

“அப்பாவுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாம்மா. அதையும் புடுங்கிட்ட.”

பெற்ற பிள்ளை என்னை அப்படி நினைத்துக்கொண்டே இருந்துவிடுவானோ என்று உள்ளுக்குள் கலக்கம்தான்.

மறுநாள் காலையில் வைட்ஃபீல்டு ஆபீசுக்கு பைக்கில் கிளம்பினான். சத்தம் தெருமுனை திரும்பினதும் நான் எப்போதும்போல மெழுகுவத்தி ஏற்றி முழங்கால் போட்டேன். சாப்பாட்டு டப்பாவை மறந்தவன் திரும்பி வந்து, ஹெல்மெட்டோடு வாசற்படியில் நின்றான்.

“அப்பாதான் போயிட்டாரே. இன்னும் யாருக்கும்மா?”

“உங்கப்பா இனிமே எங்க விழப்போறாரு? வீட்ல இன்னொருத்தன் வண்டி எடுக்கிறானே.”

ஹெல்மெட்டைக் கழற்றினான். கிட்டே வந்து அட்டையைப் பார்த்தான்.

“மெட்ரோல போனா மெழுகுவத்திய அணைச்சிடுவியா?”

“முதல்ல போ. அப்புறம் பாக்கலாம்.”

டப்பாவை எடுத்துக்கொண்டான். வெளியே போகும்போது அட்டையை ஒரு விரலால் தொட்டான்.

எடுத்தது என்னவோ வண்டியைத்தான்.