சுவருக்கு அந்தப் பக்கம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நாங்கள் பெங்களூரு ஜோகுபாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்போது செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு ஓட்டலில் சமையல் வேலை. நான் தினமும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வைட்ஃபீல்டுக்குப் போய்வருவேன், ஒரு ஆபீஸில் ரிசப்ஷனிஸ்ட்டாக இருந்தேன். ஒரே மகள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

அந்தச் சந்தில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டில் தங்கவயலில் இருந்து வந்த ஒரு அக்கா தனியாக இருந்தார். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டு இறந்துவிட்டார். அப்புறம் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். அக்கா இங்கே ஒரு கார்மென்ட்ஸில் தைக்கும் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். அதிகம் பேசமாட்டார். அவருக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர் உள்ளேயே இறந்துகிடந்து, ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று தெருவில் சொல்வார்கள். அதனாலேயே வாடகை குறைவு என்றும் சொல்வார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய புத்தகக் கடையில் மகளுக்கு ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாங்கினேன். செங்கல் கனம் இருக்கும். பிரித்தால் பாதி எழுத்து, பாதி படம். சும்மா கதைக்கு நடுவே ஒட்டின படங்கள் இல்லை. கொஞ்ச தூரம் எழுத்தாகப் போகும், திடீரென்று எழுத்து நின்றுவிடும். அப்புறம் பக்கம் பக்கமாகப் பென்சில் படங்கள்தான் கதையைச் சொல்லும். மறுபடி எழுத்து வரும். ஒரு பழைய வீட்டுக்குக் குடிவரும் சிறுமி, ராத்திரியில் சுவருக்குள் யாரோ தட்டும் சத்தத்தைக் கேட்கிறாள், அதுதான் கதை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. எழுத்து இருக்கும் பக்கங்களை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். படப் பக்கங்கள் அவளுடையவை, ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்ப்பாள். ஆபீஸில் இருந்து வந்த களைப்பில் நான் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் தொடையில் தட்டி, "அம்மா, எழுத்து வந்துடுச்சு" என்றால் மறுபடி வாசிப்பேன். அதனால் அந்தக் கதையில் பாதி எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வாசலில் வந்து, காலை ரயிலுக்குத் தங்கவயலுக்குப் போவதாகவும், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றும், திங்கட்கிழமைதான் வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் ஆபீஸ் கிளம்பும்போது அவர் வீட்டு முன்கதவில் பூட்டு தொங்கியது.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது மகள் கட்டிலில் மண்டியிட்டு, சுவரில் காதை வைத்திருந்தாள். புத்தகத்தில் வருவது போல விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சுவர் பேசுகிறது என்றாள். சிரித்துக்கொண்டே சாப்பிடக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் படுக்கையை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் முட்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள் இருந்து டொக், டொக் என்று இரண்டு தட்டு வந்தது.

நான் போர்வையைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மூன்று தட்டுத் தட்டினாள். இன்னும் கொஞ்சம் தாமதமாக, மூன்று தட்டுத் திரும்பி வந்தது. சத்தம் மேலே இருந்து வரவில்லை. தரையோடு தரையாக, எங்கள் முழங்காலுக்கும் கீழே இருந்து வந்தது.

வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முன்கதவில் பூட்டு போட்டபடி இருக்கிறது, ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் வீடு சுத்தமாகப் பெருக்கி வைத்தபடி இருக்கிறது, உள்ளே ஒரு அசைவும் இல்லை என்றார். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும், இல்லாவிட்டால் எலி என்றார். எலி எண்ணித் தட்டுமா என்று கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பூட்டின வீடு. முன்னால் அங்கே இறந்துகிடந்த மனுஷர். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்த கதை அத்தனையும் மொத்தமாக மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. மகளின் நெற்றியில் விபூதி பூசினேன். கட்டிலை இழுத்து ஹாலில் போட்டேன். புத்தகத்தை அலமாரிக்கு மேலே, அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இனிமேல் அந்தச் சுவரைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் அழவில்லை. நான் கதவைச் சாத்தும்போது அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பாத்திரம் கழுவும்போது உள்ளே இருந்து மறுபடி கேட்டது. டேப் ரெக்கார்டரைச் சத்தமாக வைத்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தைச் சினிமாப் படமாக எடுத்திருந்தார்கள், அது அப்போது தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு வந்த ஆபீஸ் தோழி ஒருத்தி, கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறார்கள், குழந்தைகள் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாள். நல்லதாகப் போயிற்று, காரணத்தைப் பார்த்தால் மகளுக்குத் தெளிந்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு எம்.ஜி. ரோடு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், தெளிய வேண்டியது எனக்குத்தான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. தட்டும் சத்தம் வரும்போதெல்லாம் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு குண்டு மனிதர் பிளம்பராக வந்தார். சுவரை உடைத்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு பழைய பைப்பை வெளியே உருவிக் காட்டினார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான் என்று மனசு லேசாகிவிட்டது.

பக்கத்தில் மகள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, தப்பா காட்டுறாங்க. அந்தப் பக்கமே வரலயே."

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம். புக்குல படம் இருக்குல்ல? அங்க ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. அவதான் பயந்துபோய்த் தட்டுவா. இந்தப் பொண்ண விட அவளுக்குத்தான் ரொம்ப பயம்."

நான் வாசித்த எழுத்தில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. அது படங்களில் மட்டும் இருந்த கதை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த பக்கங்கள்.

அவள் இன்னும் கிட்டே வந்து காதில் சொன்னாள். "நம்ம சுவரு இன்னைக்குக் காலைல தட்டலம்மா. நீ குளிக்கப் போனப்ப உள்ள போனேன். நான் தட்டல, காது மட்டும்தான் வெச்சேன். ஒண்ணுமே கேக்கல."

இரண்டு நாளாகப் பேய் தட்டுகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். தட்டல் நின்றுவிட்டது என்று கேட்ட அந்த நிமிடம்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. தியேட்டர் முழுக்கச் சிரிப்பு அடங்காத அந்த இருட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

முதலில் கிடைத்த ஆட்டோவில் ஏறினோம். வழியில் டிரைவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். பைத்தியம் என்று நினைப்பாரோ என்று இருந்தது. அவர் வண்டியை இன்னும் வேகமாக விட்டார். எங்கள் சந்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், கூடவே இறங்கி வந்தார்.

முன்கதவில் பூட்டு அப்படியே இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகின சந்து உண்டு. குப்பையும் புதருமாக இருப்பதால் அக்காவைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்த வழியாகச் சுற்றிப் போனோம். அக்கா வீட்டுக் கொல்லைப்பக்கச் சின்னக் கேட் உள்ளே தாழ் போட்டிருந்தது. வீட்டுக்குள் இருந்து கொல்லைக்கு வழி கிடையாது, அப்படியிருக்க வெளியூர் போனவர் உள்ளே எப்படித் தாழ் போட்டார்? டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு மதில் ஏறிக் குதித்துக் கேட்டைத் திறந்தார்.

கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் ஒரு பிரயாணப் பை இருந்தது. அதன் மேல் வைத்திருந்த மல்லிகைச் சரம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. எதிரே தகரக் கதவு போட்ட பாத்ரூம். அது எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தது. என் மகளின் கட்டில் முன்பு கிடந்த இடத்துக்கு நேர் மறுபுறம்.

டிரைவர் கதவைத் தள்ளினார். கை நுழைகிற அளவுதான் திறந்தது. எதுவோ தடுத்தது. அவர் குனிந்து அந்த இடுக்கில் காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஒளகே யாரோ இத்தாரம்மா" என்றார். உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

கதவின் கீலைப் பெயர்த்து எடுத்தோம். அக்கா சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கையில் துணி தேய்க்கிற கட்டை பிரஷ். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. மூச்சு இருக்கிறது என்று டிரைவர் சொன்ன பிறகுதான் நான் கத்தி அழுதேன். தெருவே கூடிவிட்டது. ஒரு போர்வையில் கிடத்தித் தூக்கி, யாருடைய வேனிலோ ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இன்னும் ஒரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் முன்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு, பாத்ரூம் குழாயை மூடினோமா என்று சந்தேகம் வந்திருக்கிறது. பின்சந்து வழியாக வந்து, பழக்கதோஷத்தில் கேட்டைத் தாழ் போட்டுவிட்டு உள்ளே போனவர் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். கதவு அவர் உடம்பின் மேலேயே சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு வெல்டிங் ஷாப் உண்டு, அவர் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை. சீக்கிரமே குரலும் போய்விட்டது. கைக்கு எட்டின வாளித் தண்ணீர்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. கல்யாண வீட்டில், லீவு கிடைத்திருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து அக்கா பேசுகிற நிலைக்கு வந்ததும் நானும் மகளும் பார்க்கப் போனோம். அவளைக் கிட்டே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா தட்டிகினே இருந்ததாலதான் நான் கண்ண மூடல. அதுவும் அந்த சனிக்கிழம ராத்திரி. இன்னா இருட்டு. நான் ஒண்ணு தட்டினா அவளும் ஒண்ணு தட்டுவா. விடியற வரைக்கும் விடவே இல்ல."

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சனிக்கிழமை ராத்திரி அந்த அறையில் யாருமே இல்லை. கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டிருந்தேன். மகள் ஹாலில் என் பக்கத்தில் என் புடவையைப் பிடித்தபடி தூங்கினாள். பயத்தில் நான்தான் காதைப் பொத்திக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். எங்கள் பக்கத்தில் இருந்து யாரும் தட்டவில்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், சுரங்கத்தில் பாறை சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவன் பைப்பில் தட்டுவானாம். வெளியே இருப்பவர்கள் பதிலுக்குத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், ஆள் வெளியே வரும்வரை நிறுத்தவே கூடாதாம். கணவர் சொல்லியிருக்கிறார். அது ஞாபகம் வந்துதான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாராம்.

"அப்போ ராத்திரி தட்டினது அவருதான்" என்றார். அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

காய்ச்சல் மயக்கத்தில் அப்படித் தோன்றியிருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். நான் இதுவரை அக்காவிடம் மறுத்துப் பேசியதில்லை. அக்கா பிறகு கைத்தடியோடு நடக்க ஆரம்பித்து, தங்கவயலுக்கே திரும்பிப் போய்விட்டார். அந்த ஆட்டோ டிரைவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாங்களும் வீடு மாறிவிட்டோம், மகள் வளர்ந்துவிட்டாள்.

காரணம் தெரியாத சத்தம் ஏதாவது கேட்டால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது, ஆனால் கதவைச் சாத்திக்கொள்வதற்கு முன்னால் "யாரு?" என்று வாய்விட்டு ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.