அக்கா, இந்த வீடியோவ அழிச்சுத் தாங்க!

போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கடைக்கு வருகிற போன்களில் பாதிக்கு ஒரு குறையும் இருக்காது. குறையெல்லாம் அதைப் பிடித்திருக்கிற ஆளிடம்தான். தெஹியோவிட்ட பஜாரில் எட்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன். சுற்றியிருக்கிற றப்பர் தோட்டங்களிலிருந்து ஸ்கிரீன் மாற்ற வருகிறவர்களைவிட, ஊரெல்லாம் பார்க்கப் போட்ட வீடியோவை அழிக்கச் சொல்லி ஓடிவருகிறவர்கள்தான் இப்போது அதிகம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு அவதிப்படுகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கை விட்ட சதீஷ்

சதீஷ் தோட்டத்து மேல் டிவிஷனில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். அவிசாவளை ரோட்டு வளைவில், ஓடுகிற மோட்டார் சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு எழுந்து நின்றான். பின்னால் வந்த கூட்டாளி படம் பிடித்தான். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு ஒரு அதிரடிப் பாட்டும் சேர்த்து, "முடிஞ்சா புடிச்சுப் பாரு" என்று எழுதிப் போட்டுவிட்டான்.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே வாசலில் நின்றான். "அக்கா, பொலிஸ்ல வரச் சொல்லிட்டாங்க. அழிச்சுத் தாங்க." அழித்தோம். என்ன பிரயோசனம்? அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போயிருந்தது. கோர்ட்டில் லைசன்ஸை நிறுத்திவைத்தார்கள். இப்போது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான். அடுத்த வாரம் சார்ஜர் வாங்க வந்த பொலிஸ் சார்ஜன்ட், என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, சிங்களமும் தமிழும் கலந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "நங்கி, சாட்சி தேடுறதுக்கே எங்களுக்கு நாள் கணக்கா போகும். இவரு சாட்சிய பாட்டோட அனுப்பியிருக்காரு!"

முதுகு வலி

மாரிமுத்து அண்ணன் முதுகு வலி என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மூன்று நாள் லீவுக்குச் சீட்டு வாங்கினார். இரண்டாம் நாள், ஆற்றங்கரைப் பாறை உச்சியிலிருந்து குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் குதித்தார். குதித்ததோடு விட்டாரா? அதை வீடியோவாகவும் போட்டார்.

அதற்கு முதல் லைக் போட்டவர் தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீஸில், லீவுக் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் அதட்டிப் பேசாத மனுஷன். லைக்குக்குக் கீழே அவர் எழுதியிருந்ததை மட்டுமாவது அழிக்க முடியுமா என்று மாரிமுத்து அண்ணன் என்னிடம் போனை நீட்டினார். வாசித்தேன்: "தம்பி, உம்முடைய முதுகு சுகமாயிட்டுதெண்டு கண்டு மெத்தச் சந்தோசம். நாளைக்குக் காலமை கந்தோருக்கு ஒருக்கா வாரும்."

மாப்பிள்ளை வீடியோ

பஸ் டிரைவர் குமாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் புளத்கொகுபிட்டிய பக்கம். அனுப்புவதற்கு ஒரு நல்ல போட்டோ பிரிண்ட் எடுக்க அவருடைய அக்கா வந்திருந்தார். கூடவே வந்த குமார், "போட்டோ எதுக்கு? என் வீடியோவ அனுப்பு. நாலாயிரம் பேரு பாத்திருக்காங்க" என்றார். பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கி இவர் ஆடுகிற வீடியோ. நான் கண்ணைக் காட்டினேன். அக்காவுக்குப் புரியவில்லை, அனுப்பிவிட்டார்.

இரண்டு நாளில் பெண்ணின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. அக்கா முகம் சிவக்க எனக்குப் போட்டுக் காட்டிய குரல் பதிவு இதுதான்: "மாப்பிள்ளை நல்லா ஆடுறாருங்க. அந்த நேரம் பஸ்ஸ ஓட்டுனது யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க, அவருக்கு வேணும்னா பொண்ணு குடுக்கிறோம்."

வெள்ளத்தில் லைவ்

இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. ராஜுவின் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகளும் ராஜுவோடு இங்கே. போன மழைக்கு, தோட்டத்துப் பாலத்துக்கு மேலே முழங்கால் அளவு வெள்ளம் ஓடியது. ராஜு போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டபடி அதற்குள் இறங்கினான். பார்த்தவர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். குவைத்தில் அவன் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பாலத்தில் கால் வழுக்கியது. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது செம்மண் தண்ணீர் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

அக்கரையில் நின்ற இரண்டு சிங்களப் பையன்மார் கயிறு வீசி அவனை இழுத்துப் போட்டார்கள். அன்று ராத்திரி ஊரில் கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை, அவளுக்குச் சொல்ல வழியில்லை. மறுநாள் சிக்னல் வந்த பிறகு, கைவிடாமல் பிடித்திருந்த போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கழற்றிக் காயவைத்து உயிர் கொடுத்தேன். உடனே மணி அடித்தது, குவைத்திலிருந்து மனைவி. காதில் வைத்துப் பேசுகிற ஸ்பீக்கர் செத்துப்போயிருந்ததால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி லவுட் ஸ்பீக்கரில்தான் பேச முடிந்தது. முதலில் அழுகை மட்டும் கேட்டது. ராஜு, "நான்தான்... நான் நல்லா இருக்கேன்" என்றான். கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நான் இங்க ஊரான் புள்ளைய கீழ விழாம பாத்துக்கிறேன். நீங்க அங்க என் புள்ளைங்களோட அப்பாவ பாத்துக்க மாட்டீங்களா?"

கெமரா எவ்வளவு தெளிவு என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான், "அது கெடக்கட்டும், ஒங்க வீடியோவ பாக்குறவங்க கண்ணு அதவிடத் தெளிவு" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.