இரண்டாவது கொக்கு

கல்லடி வாவியில் மீன்பிடித்தவன் நான்; படிப்பு ஐந்தாம் வகுப்பு. மறுபடியும் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது நடந்தது இது.

விமானம் மேலெழும்பியதும் யன்னலுக்கு வெளியே இரண்டு கொக்குகளைக் கண்டேன். ஒன்று இயந்திரத்துக்குள் போனது. பெரிய சத்தம் கேட்டது, இறகு கருகிய மணம் வந்தது. மற்றது சக்கரத்தில் அடிபட்டது. அதை நான் மட்டுமே கண்டேன்.

பறவை மோதியதால் திரும்பி இறங்கப் போவதாக விமானி அறிவித்தார். பணிப்பெண் யன்னல்களைக் காட்டி, யாராவது எதையாவது கண்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டபடி வந்தாள். எனக்கு விளங்கியது. ஆனாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைக் கடந்து போய்விட்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஏறாவூர் முஸ்லிம் அண்ணன், நானா என்று நான் அழைத்தவர், கேட்டார்: "என்ன தம்பி, முகம் கருவாடாக் காஞ்சி கிடக்கு?"

"நானா, இன்னொரு கொக்கு சில்லுல அடிபட்டிட்டு."

"அத எனக்குச் சொல்லி என்ன? அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லுங்களன்! இங்கிலீச நான் பாக்கிறன்."

கையை உயர்த்தினேன். அவள் ஓடிவந்தாள்; நான் சொன்னதை நானா ஆங்கிலத்தில் சொல்ல, உடனே விமானத்துத் தொலைபேசியில் விமானிக்குச் சொன்னாள். தீயணைப்பு வண்டிகள் தயாராக நிற்க, விமானம் மெதுவாக இறங்கியது. சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் குழாய் உடைந்து எண்ணெய் ஒழுகியிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

வாசலில் விமானி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முதல் தடவை நான் குனிந்திருந்தது அவருக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் யார் எந்த மொழியில் கேட்டாலும் முதலில் கையை உயர்த்திவிடுகிறேன்.