கங்காணியின் ஐந்து மணிப் பெரட்டு

ஜீவராணிக்குக் கீழே முப்பது பேர் இருந்தார்கள். அந்த முப்பது பேரில் ஒருவருக்கும் அவள் பெயர் ஜீவராணி என்று தெரியாது.

தெஹியோவிட்டைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏறிப் போக வேண்டிய ரப்பர் தோட்டம். அதில் தொழிலாளர் வரிசைவீடுகளில் கடைசி லயம், அதன் கடைசி அறையான காம்பரா. வயது நாற்பத்து நான்கு. விடியும்போது பால் வெட்டப் போவாள். சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வந்து மத்தியானத்துக்கு முன்னால் தோட்டத்து ஸ்டோரில் கொடுத்துவிடுவாள். அதோடு அன்றைய பேச்சும் முடிந்தது. புருஷன் செல்லத்துரை போய் ஆறு வருஷம். ஒரே மகள் அனுஷியா ஜோர்தானில் தையல் ஃபாக்டரியில் இருக்கிறாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கொழும்புக்குப் போய்விட, கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஒரு நாள் சாயங்காலம் சீனி வாங்கப் போனபோது கடைக்காரன், "என்னக்கா, தொண்ட கட்டிருச்சா?" என்று கேட்டான். தொண்டை ஒன்றும் கட்டவில்லை. ஸ்டோரை விட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தையே அந்தச் சீனிதான்.

மகள் வெளிநாடு போகும்போது புதுப் போனை எடுத்துக்கொண்டு பழையதை அம்மாவிடம் விட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. கோட்டை கட்டுவது, வயல் போடுவது, படை சேர்ப்பது, அடுத்தவன் கோட்டையை உடைப்பது. தனி ஆளாக இருந்தால் இரண்டே நாளில் தரைமட்டமாக்கிவிடுவார்கள். அதனால் முப்பது முப்பது பேராகச் சேர்ந்து 'கில்ட்' வைத்துக்கொள்வார்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தலைவர். ஜீவராணி சேர்ந்த கில்ட்டின் தலைவர், அவள் சேர்ந்த எட்டாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போனார். மிஞ்சியவர்களில் ஒரு நாள் தவறாமல் வருகிறவள் இவள் ஒருத்திதான். பொறுப்பு இவள் தலையில் விழுந்தது.

அவள் விளையாட்டுப் பெயர் 'கங்காணி', தோட்டத்தில் வேலைக்காரர்களை மேய்க்கும் ஆள். எந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிற பொம்பளையைக் கங்காணி ஆக்கியிருக்கிறார்கள்? சும்மா ஒரு ஆசை, வைத்துப் பார்த்தாள். எல்லோரும் "கங்காணி அண்ணே" என்று எழுத ஆரம்பித்தார்கள். அவளும் திருத்தப் போகவில்லை. மைக்கை ஒரு நாளும் திறந்ததில்லை, எழுத்து மட்டும்தான். அண்ணனாக இருந்தால் சொன்னதைக் கேட்கிறார்களே, பிறகென்ன!

ஆட்களை நடத்த அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பெரட்டு. தோட்டத்தில் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அது. தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டிப் படியில் போய் உட்காருவாள். அங்கேதான் சிக்னல். மழையென்றால் குடையோடு. ஒவ்வொரு பேராக எழுதுவாள். அவரவர் "வந்தாச்சு" என்று பதில் எழுத வேண்டும். வர முடியாதென்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவாள். இது அவர்கள் பக்கத்துக் கடமை. அவள் பக்கத்துக்கும் கடமை இருந்தது. யார் கோட்டையை அடித்தாலும் முதலில் ஓடுவது அவள் படை. கொள்ளையில் வந்ததை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பாள், தனக்குக் கடைசியில். சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் அவள் சுத்தம்.

அந்த முப்பதில் 'ஜே டெய்லர்' என்று ஒருவர். மாவனல்லையில் பாலத்துக்குக் கிட்டத் தையல்கடை, பெயர் ஜவ்பர் என்று எப்போதோ எழுதியிருந்தார். பெருநாள் வந்தால் பத்து நாளைக்கு முன்பே, "கங்காணி, தைக்க நெறய துணி ஈக்கிது, லேட்டாகித்தான் வருவேன்" என்று அறிவித்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு புதன்கிழமை பெரட்டுக்கு வரவில்லை. வியாழனும் இல்லை. வெள்ளியும் இல்லை.

சனிக்கிழமை பெரிய சண்டை. கொழும்பிலிருந்து விளையாடும் லோஜன் என்ற பையன் கெட்டிக்காரன், கொஞ்சம் வாய் நீளம். "அண்ணே, ஒரு எடம் சும்மா கெடக்கு. என் கூட்டாளி ஒருத்தன் ரெடியா நிக்கிறான். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று எழுதினான். ஒன்றுதான். ஜீவராணி ஜே டெய்லரின் பேர் மேல் விரலை வைத்து அமுக்கினாள். நிச்சயமா என்று போன் கேட்டது. நிச்சயம் என்றாள். பால் மரத்தில் ஒரு கீறல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை ஜெயித்தார்கள். ஆளாளுக்குப் பட்டாசுப் படமும் கைதட்டும் போட்டார்கள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஜீவராணி பழைய எழுத்துகளை மேலே தள்ளித் தள்ளிப் போனாள். ஜே டெய்லர் எங்கே என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறார்களா பார்ப்போம் என்று. ஒருத்தரும் கேட்கவில்லை. இன்னும் மேலே போனாள். போன வருஷத்து மழையில் இரண்டு நாள் டவர் விழுந்து அவளால் வர முடியாமல் போயிருந்தது. அப்போது வந்த ஒரே எழுத்து அங்கே நின்றது. "கங்காணி, ரெண்டு நாளா காணல்ல. சொகமா? ஒங்கட கோட்டக்கி நான் ஆள் அனுப்பி ஈக்கிறேன். யோசிக்க வாணாம்." அனுப்பியவர் ஜே டெய்லர்.

ஐயோ, இவரையா வெட்டினேன் என்று அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். வெட்டியது மட்டுமா? இந்தக் கைவேலை எங்கே படித்தது என்றும் அவளுக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் செல்லத்துரையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது நான்கு நாள் அவன் கட்டில் பக்கத்திலேயே கிடந்தாள். ஐந்தாம் நாள் அவன் இல்லை. காரியம் எல்லாம் முடிந்து பெரட்டுக்குப் போய் நின்றால், அவள் பேர் கூப்பிடப்படவில்லை. பதினொரு வருஷம் அவள் வெட்டிய மரங்களை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். சொல்லாமல் நின்றால் பேரை வெட்டுவதுதான் முறை என்றார் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை. அவ்வளவு பேர் முன்னால் அவள் கத்தினாள். "நாலு எட்டு வச்சா எங்க வாசலுங்க! வந்து ஒரு வார்த்த கேட்டீங்களா?" அவர் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூரத்து மலையில் வேறு மரங்கள் கிடைத்தன. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே, காலியான இடத்தில் வந்து சேர்ந்திருந்த லோஜனின் கூட்டாளியிடம் கெஞ்சி வெளியே அனுப்பிவிட்டு, ஜே டெய்லருக்குத் திரும்ப அழைப்பு அனுப்பினாள். மன்னிப்பும் எழுதினாள். பதில் இல்லை. பத்து நாள் அந்த அழைப்பு அப்படியே கிடந்தது. இருபத்தொன்பது பேரும் வந்தாச்சு, வந்தாச்சு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது பிடிக்காமல் போயிற்று. நாளைக்கு நான் செத்துக் கிடந்தாலும் இவர்கள் மூன்று நாள் எண்ணிவிட்டு வேறு தலைவரைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். அப்படிப் பழக்கியது யார்? அவளேதான்.

பௌர்ணமிப் போயா லீவு வந்தது. மகள் அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று பஸ். கொண்டக்டர் "கொஹெடத அக்கே?", எங்கே அக்கா என்று சிங்களத்தில் கேட்க, "மாவனெல்ல" என்றாள். பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் ஒரே யோசனை. போய் யார் என்று சொல்வது? கங்காணியின் தங்கச்சி என்று சொல்லலாமா? அண்ணன் அனுப்பினார் என்றால் கதை முடிந்தது. கில்ட்டும் தப்பும், கங்காணியும் தப்புவார்.

பாலத்துக்குக் கிட்ட ஒரு கடையில் சிங்களத்தில் வழி கேட்டாள். கடைக்காரர் தமிழிலேயே காட்டிவிட்டார். தையல்கடை பூட்டியிருந்தது. பின்பக்கம் வீடு. கதவைத் திறந்தது ஜவ்பரின் மனைவி மஹ்மூதா.

"யாரு வேணும் ஒங்களுக்கு?"

"ஜவ்பர் அண்ணன பாக்கணுங்க. தெஹியோவிட்டலருந்து வர்றேன்."

"அவருக்குச் சொகமில்லயே. வலது கை வேல செய்றல்ல. ரெண்டு கெழம முந்தி மெஷின்ல இருந்தமாதிரியே சரிஞ்சிட்டாரு." மஹ்மூதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "துணி ஏதும் தைக்கக் குடுத்தீங்களா?"

வாசலில் நின்றாள் ஜீவராணி. தங்கச்சி என்ற பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே ஒரு சாய்வு நாற்காலியில் ஒருவர், வலது கையை மடியில் ஒரு துணிப் பொதிபோல வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க," என்றாள். "நாந்தான் கங்காணி."

ஜவ்பருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "யா அல்லாஹ்! பொம்புளயா?"

"ஆமாங்க. பால் வெட்டுறேன்."

மஹ்மூதா பால் விடாத பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஜவ்பர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசினார். "ஆஸ்பத்திரில கண்ண முழிச்சதும் மொதல்ல போனத்தான் கேட்டேன். இவ ஏசினா. பெரட்டுக்குச் செல்லணுமேன்னேன். தொறந்து பாத்தா பேரில்ல. பொறகு தொறக்கவே இல்ல." கருப்பட்டியை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார். "கோவமில்ல. விதிதானே. ஆனா, கங்காணி ஒரு வார்த்த கேப்பாருன்னு நெனச்சேன்."

ஜீவராணி பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "தப்புங்கண்ணே," என்றாள். "நான் பண்ணுனது பெரிய தப்பு."

"மத்தாக்கள் கேட்டாங்களா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். "இல்லங்க. ஒருத்தரும் கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். "இனி எனக்கு வெளயாட ஏலா. எடது கையால எழுத்துத் தேடவே நேரம் போகுது. சும்மா எடத்த அடச்சிட்டு ஈக்கவா?"

"சண்டைக்கி வர வேணாம். பெரட்டுக்கு மட்டும் வாங்க, போதும்."

மறுநாள் ஜவ்பரின் பேர் கில்ட்டில் திரும்ப ஏறியிருந்தது. ஐந்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து, முதல் தடவையாக மைக்கைத் திறந்தாள். பழக்கமில்லாமல் இரண்டு தரம் தவறிப் போனது.

"நாந்தான் கங்காணி பேசுறேன். எம் பேரு ஜீவராணி. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறேன். ஜவ்பர் அண்ணனுக்கு கை விழுந்துருச்சி. அது தெரியாம நான் பேர வெட்டிட்டேன். தப்பு என்னோடது. இனிமே ஒரு வார்த்த கேக்காம யார் பேரையும் வெட்ட மாட்டேன். அவரால சண்ட போட ஏலாது. ஆனா அவரு எடம் அவருக்குத்தான்."

உடனே லோஜன், "அக்காவா?" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக வைத்தான். "சண்ட போடாத ஆளுக்கு எதுக்கு எடம்? எங்களுக்கு மேல ஏற வேணாமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு வெளியேறினான். அவன் கூட்டாளிகளும் போனார்கள். ஒரு கிழமைக்குள் பதினொரு பேர் போய், மிச்சம் பத்தொன்பது. அடுத்த இரண்டு சண்டையும் தோல்வி. கோட்டையின் பாதிச் சுவர் இடிந்து கிடந்தது. ஜீவராணிக்கு வருத்தம் இல்லாமலில்லை. அந்தப் பதினொரு பேரின் பெயரும் அவளுக்கு வரிசையாகப் பாடம், பெரட்டில் அவை வரும் இடத்தில் இப்போதும் நாக்குத் தடுமாறும்.

ஆனாலும் ஐந்து மணிக்குப் போவாள். இப்போது எழுதுவதில்லை, வாயால்தான் கூப்பிடுகிறாள். கீழே லயத்தில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், இவள் யாரோடு பேசுகிறாள் என்று. பார்க்கட்டும். வந்தாச்சு, வந்தாச்சு என்று எழுத்துகள் விழும். பன்னிரண்டாவது பேர் வரும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்துவாள்.

"ஜவ்பர் அண்ணே."

ஒன்றும் வராது. புள்ளிகள் மட்டும் ஓடும், யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் புள்ளிகள். நின்றுவிடும். திரும்ப ஓடும். முதலில் 'வ' மட்டும் வந்து விழும். பின்னால் இருக்கும் ஏழு பேர் காத்திருப்பார்கள், சிலருக்குப் பொறுமை போகும். மழை தூற ஆரம்பித்தால் குடையை விரித்துக்கொள்வாள். மிச்ச எழுத்துகளும் வந்து சேரும்வரை கங்காணி அடுத்த பேரைக் கூப்பிடமாட்டாள்.